வீடியோ என்று பெயர் வாங்கிய நிரல்

டைப்ஸ்கிரிப்ட் மொழியில் பத்து வரி எழுதி, ‘.டிஎஸ்’ என்ற பின்னொட்டோடு சேமியுங்கள். மேக் கணினியின் ஃபைண்டரில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, முன்னோட்டம் பார்க்க ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். எழுதிய பத்து வரியும் கண்ணில் படாது. கோப்பின் வகை என்ன என்று பார்த்தால் ‘எம்பெக்-2 டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்’ என்றிருக்கும். டிஷ் ஆன்டெனா வழியாக வீட்டுக்கு வரும் டிவி ஒளிபரப்பு எந்த வடிவில் பொட்டலம் கட்டப்படுகிறதோ, அந்த வடிவத்தின் பெயர் இது. நம் நிரலை இயக்குதளம் ஒரு வீடியோ என்று முடிவு கட்டிவிட்டது.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எம்பெக்-2 தொண்ணூறுகளில் வந்த தரம். மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது 2012 அக்டோபரில். அதற்குள் ‘.டிஎஸ்’ ஏற்கெனவே விற்றுப்போன மனை. கியூடி என்ற மென்பொருள் கட்டமைப்பும் மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கு இதே பின்னொட்டைத்தான் வைத்திருக்கிறது. மூன்று பேர், ஒரே பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வழக்கைத் தீர்ப்பது மிகவும் எளிது. டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் எல்லாமே 188 பைட் கொண்ட பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் பைட்டும் 71 என்ற எண்ணாகத்தான் இருக்கும். கோப்பைத் திறந்து தொடக்கத்திலும், 188 பைட் தள்ளியும், 376 பைட் தள்ளியும் 71 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இருந்தால் வீடியோ. இல்லாவிட்டால் வேறு ஏதோ. மேக் அப்படிப் பார்ப்பதில்லை. ஏன் பார்ப்பதில்லை என்ற கேள்விக்குள் நாற்பது, ஐம்பது ஆண்டுக் கணினி வரலாறு ஒளிந்திருக்கிறது.

வட்டில் கிடக்கும் எந்தக் கோப்பும் பைட்டுகளின் வரிசைதான். ஆனால் சில கோப்புகள் தம் அடையாளத்தை நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வருகின்றன. பிஎன்ஜி படம் ஒன்றின் முதல் எட்டு பைட்டைப் பாருங்கள். முதலில் 137, அடுத்து பி, என், ஜி என்ற மூன்று எழுத்துகள், பிறகு வரி முடிவைக் குறிக்கும் குறிகளும் இன்னொரு கட்டுப்பாட்டுக் குறியும். இந்தத் தேர்வு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஏழு பிட் மட்டுமே கடத்தும் பழைய இணைப்பு வழியாகப் போனால் 137 சிதைந்துவிடும். படத்தை உரை என்று நினைத்து ஏதாவது மென்பொருள் வரி முடிவுகளை மாற்றினால் அதுவும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எட்டே பைட்டில் பெயர்ப்பலகையும் பரிசோதனைக் கருவியும் இருக்கின்றன. பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியோடும் தன் பெயரோடும் தொடங்குகிறது. ஜிப் கோப்பின் தலையில் பி, கே என்ற இரண்டு எழுத்துகள்; அதை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை.

இத்தகைய தலைக்குறிகளுக்கு மாய எண் என்று பெயர். பழைய யூனிக்ஸில் இயங்கு கோப்புகள் எட்டடிமானத்தில் 407 என்ற எண்ணோடு தொடங்கின. பிடிபி-11 கணினிக்கு அது வெறும் அடையாளமாக இருக்கவில்லை. ‘ஏழு சொல் தாண்டிக் குதி’ என்ற நிஜமான கட்டளை. கோப்பின் தலைப்பகுதியைத் தாண்டி நிரலின் உடலுக்குள் குதிக்க வைத்திருந்த கட்டளையே பிற்பாடு அடையாள முத்திரையாகிவிட்டது.

மாய எண்ணும் மோதும். ஜாவாவில் தொகுத்த கோப்பின் முதல் நான்கு பைட்டைப் பதினாறடிமானத்தில் எழுதினால் ‘கஃபே பேப்’ என்று ஆங்கிலத்தில் வாசிக்கலாம். ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங்கின் குறும்பு. மேக்கில் பல வகைச் செயலிகளுக்கும் சேர்த்துக் கட்டிய இயங்கு கோப்பும் இதே நான்கு பைட்டில்தான் தொடங்குகிறது. பிரித்துப் பார்க்க அடுத்த நான்கு பைட்டையும் படிக்க வேண்டும். ஜாவாவில் அங்கே பதிப்பு எண் இருக்கும், அது 45-க்குக் குறையாது. மேக் கோப்பில் எத்தனை வகைச் செயலிகள் என்ற எண்ணிக்கை இருக்கும், அது கைவிரலைத் தாண்டுவது அபூர்வம். எண் சிறியதென்றால் மேக்!

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். மூல நிரலுக்கு நெற்றி இல்லை. சி மொழியில் எழுதிய கோப்பு ஒரு குறிப்புரையோடு தொடங்கலாம், வெற்று வரியோடு தொடங்கலாம், எழுதியவர் விருப்பம். மனிதர் தட்டச்சு செய்து மனிதர் படிப்பதற்கான வெறும் உரை அது. அதன் தலையில் 137 போன்ற ஓர் எண்ணை வைத்தால் எந்த எடிட்டரிலும் குப்பையாகத் தெரியும். ஒரே ஒரு விதிவிலக்கு, ஹாஷ் குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்த முதல் வரி. எந்த மென்பொருளைக் கொண்டு தன்னை ஓட்ட வேண்டும் என்று ஸ்கிரிப்டே சொல்லும் இந்த வழக்கத்தை 1980-இல் டென்னிஸ் ரிட்சி யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். பைத்தான், பெர்ல், ஷெல் கோப்புகள் இதனால் பிழைத்துக்கொண்டன. சி, ஸ்விஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு அந்த வசதி பொதுவாக இல்லை.

உள்ளே அடையாளம் இல்லாதபோது வெளியே ஒட்டத்தான் வேண்டும். ஒட்டும் இடம் பெயரின் வால். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு போட்டு வைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வெளி அடையாளத்தை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். கணினி அந்த வீட்டில் வளரவில்லை. டாஸ் காலத்தில் எட்டெழுத்துப் பெயர், ஒரு புள்ளி, மூன்றெழுத்து வால் என்ற கணக்கு நிலைத்தது. இயக்குதளம் வாலைப் படித்து ஆளைச் சொன்னது.

1984-இல் வந்த மெகின்டாஷ் இதை ஏற்கவில்லை. ஒவ்வொரு கோப்போடும் இரண்டு நான்கெழுத்துக் குறிகளைக் கோப்பு முறைமையே தனியாக எழுதி வைத்தது. ஒன்று இது என்ன வகை என்று சொல்லும், மற்றொன்று எந்த மென்பொருள் இதை உருவாக்கியது என்று சொல்லும். பெயரை எப்படி மாற்றினாலும் அடையாளம் போகாது. இரண்டு உரைக் கோப்புகள் ஒரே வகையாக இருந்தாலும் அதனதன் எடிட்டரில் திறக்கும். என்னைக் கேட்டால் இதுவரை வந்ததிலேயே நேர்மையான ஏற்பாடு இதுதான். அது தோற்றது வேறு காரணத்தால். மின்னஞ்சலில் அனுப்பினாலும், விண்டோஸ் கணினிக்கு நகலெடுத்தாலும் அந்த இரண்டு குறிகளும் வழியிலேயே உதிர்ந்துவிடும். எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வருவது பெயர் மட்டும்தான். இணையம் பரவப் பரவ, வாலே வென்றது. 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பில், எந்த மென்பொருளில் திறப்பது என்று முடிவு செய்யும்போது உருவாக்கியவர் குறியைப் பார்ப்பதை ஆப்பிள் நிறுத்தியது. பழைய மேக் பயனர்கள் கொதித்தார்கள்.

வென்ற வாலையும் சிலர் மறைக்கப் பார்த்தார்கள். விண்டோஸ் 95 முதல், தனக்குத் தெரிந்த வகைகளின் பின்னொட்டைத் திரையில் காட்டாமல் விடுவதே இயல்பு நிலையாக இருந்தது. 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ புழு இதில் குளிர் காய்ந்தது. இணைப்புக் கோப்பின் பெயர் ‘.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’ என்று முடிந்தது. கடைசி வால் மறைந்துபோக, பார்த்தவர்களுக்கு அப்பாவிக் காதல் கடிதமாகத் தெரிந்தது. உண்மையில் அது விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட் மூல நிரல். நிரலைக் கடிதம் என்று எண்ணித் திறந்தவர்களின் கணினியில் அது ஓடத் தொடங்கியது.

வாலை நம்பியே ஆக வேண்டும் என்றான பிறகு ஆப்பிள் செய்த ஒரு காரியம் அழகானது. மேக் ஓஎஸ் எக்ஸ் காலத்தில் அறிமுகமான சீர்வகை அடையாளம் என்ற முறை அது. வால், இணையத்தில் கோப்பின் வகையைச் சொல்லும் மைம் வகை, பழைய நான்கெழுத்துக் குறி எது கிடைத்தாலும் முதலில் அதை ஓர் அடையாளச் சொற்றொடராக மாற்றுவார்கள். சி நிரல் என்றால் ‘பப்ளிக்.சி-சோர்ஸ்’. இதில் புதுமை அந்தச் சொற்றொடரில் இல்லை, அதன் வம்சாவளியில் இருக்கிறது. ‘சி-சோர்ஸ்’ என்பது ‘சோர்ஸ்-கோட்’ வகையைச் சேர்ந்தது. ‘சோர்ஸ்-கோட்’ என்பது ‘பிளெயின்-டெக்ஸ்ட்’ வகையைச் சேர்ந்தது. அதற்கு மேலே ‘டெக்ஸ்ட்’, அதற்கும் மேலே ‘டேட்டா’.

இந்த ஏணி இருப்பதால் என்ன லாபம்? நேற்றுப் பிறந்த ஒரு நிரல்மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வண்ணம் தீட்டத் தெரிந்த மென்பொருள் கணினியில் இல்லை. ஆனால் ‘இது சோர்ஸ்-கோட் வகை’ என்று யாராவது ஒருவர் அறிவித்துவிட்டால் போதும். இயக்குதளம் ஏணியில் ஒரு படி ஏறிப் பார்க்கும். நிரல் காட்டத் தெரிந்தவர் இருந்தால் அவரிடம் கொடுக்கும். இல்லாவிட்டால் இன்னொரு படி ஏறி, வெற்று உரை காட்டத் தெரிந்தவரிடம் கொடுக்கும். வண்ணம் இருக்காது, வரிகள் இருக்கும். முழு உண்மை தெரியாவிட்டாலும் பாதி உண்மையை வைத்து வேலையை நடத்தலாம்.

அந்த அறிவிப்பை யார் செய்வது? ஒவ்வொரு மேக் மென்பொருளின் உள்ளேயும் ‘இன்ஃபோ.பிலிஸ்ட்’ என்ற சிறு கோப்பு இருக்கிறது. நான் இந்த வகையை உருவாக்கியவன் என்று அதில் அறிவிக்கலாம். அல்லது, இது என்னுடையது அன்று, ஆனால் இதை எனக்குத் தெரியும் என்று அறிவிக்கலாம். முதலாவது ஏற்றுமதி, இரண்டாவது இறக்குமதி. ஒரு மொழியைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க விரும்புபவர் பெரும்பாலும் இறக்குமதி அறிவிப்பு எழுதுவார்: வகைக்கு ஒரு பெயர், அது எந்த வகையின் பிள்ளை, எந்த வாலுக்குப் பொருந்தும். பத்துப் பதினைந்து வரியில் முடிந்துவிடும். எழுதிய பிறகு கணினி என்ன நினைக்கிறது என்று சோதிக்க, டெர்மினலில் ‘எம்டிஎல்எஸ்’ கட்டளையைக் கொடுத்துக் கோப்பின் உள்ளடக்க வகையைக் கேட்கலாம். யாரும் அறிவிக்காத வால் என்றால் பதில் ‘டின்’ என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாக வரும். அது குப்பை இல்லை. தெரியாத வாலையே சங்கேதமாக மடித்து, கணினி அந்த நேரத்துக்கு உண்டாக்கிக்கொண்ட தற்காலிக அடையாளம் அது. அதற்குப் பெற்றோர் ‘டெக்ஸ்ட்’ என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே முன்னோட்டத்தில் வெறும் ஐகான்தான் மிஞ்சும்.

இந்த அழகான ஏற்பாட்டில் இரண்டு பொத்தல்கள். ‘ரீட்மீ’, ‘மேக்ஃபைல்’, ‘டாக்கர்ஃபைல்’ போன்றவற்றுக்கு வாலே கிடையாது. மேக் இவற்றை வெறும் ‘டேட்டா’ என்று ஏணியின் உச்சியில் ஏற்றி உட்கார வைத்துவிடும். ‘என்னைப் படி’ என்று பெயர் வைத்த கோப்பையே படித்துக் காட்ட மாட்டேன் என்கிறது. இதற்கென்றே ‘க்யூஎல்ஸ்டீஃபன்’ என்ற துணைநிரலை ஒருவர் எழுதிப் பகிர வேண்டியிருந்தது. இரண்டாவது பொத்தல்தான் நம் ‘.டிஎஸ்’. அந்த வாலை இயக்குதளமே வீடியோவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. வெளியாள் எழுதும் இறக்குமதி அறிவிப்பு அதை மீற முடியாது. நிரலுக்கு வண்ண முன்னோட்டம் தரும் துணைநிரல்களைச் செய்தவர்கள் இந்த ஒரு வாலுக்கு மட்டும் கையை விரித்துவிட்டார்கள்.

லினக்ஸ் மேசைத்தளங்கள் இந்த இடத்தில் கொஞ்சம் விவரமானவை. ஃப்ரீடெஸ்க்டாப் குழுவின் பொது மைம் தரவுத்தளம் வாலை மட்டும் பார்ப்பதில்லை. ‘மேக்ஃபைல்’ என்று முழுப் பெயரையும் பொருத்திப் பார்க்கும். ஒரே வாலுக்கு இரண்டு பேர் உரிமை கோரினால், கோப்பைத் திறந்து மாய எண்ணைத் தேடும். எதுவும் சிக்கவில்லை என்றால் முதல் 128 பைட்டில் கட்டுப்பாட்டுக் குறிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் ‘இது உரையாகத்தான் இருக்க வேண்டும்’ என்று முடிவு செய்யும். விண்டோஸில் பதிவேட்டுக்குள் போய், ஒரு வாலுக்கு ‘உணரப்படும் வகை’ உரை என்று ஒரே ஒரு மதிப்பை எழுதி வைக்கலாம். எக்ஸ்ப்ளோரர் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பும்.

ஆக, உள்ளே பார்க்காமல் தீராது. உள்ளே பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? யூனிக்ஸின் ‘ஃபைல்’ கட்டளை 1973 முதலே இதை முயன்று வருகிறது. இயான் டார்வின் எண்பதுகளில் எழுதிய கட்டற்ற வடிவம்தான் இன்று லினக்ஸிலும் மேக்கிலும் இருப்பது. அதன் பழைய பதிப்புகள் மூல நிரலை அடையாளம் காணச் சொற்பட்டியல் ஒன்றை வைத்திருந்தன. இந்தச் சொல் வந்தால் ஃபோர்ட்ரான், அந்தச் சொல் வந்தால் பாஸ்கல், ‘தி’ வந்தால் ஆங்கிலம். நிரலின் தலையில் நாலு வரி ஆங்கிலக் குறிப்புரை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிட்ஹப் இதைவிட நிதானமாகப் படிக்கிறது. ஒரு களஞ்சியத்தில் எந்த மொழி எவ்வளவு என்று காட்டும் வண்ணப் பட்டைக்குப் பின்னால் ‘லிங்விஸ்ட்’ என்ற நிரலகம் இருக்கிறது. எடிட்டர்களுக்கென்று கோப்பில் எழுதிய குறிப்பு உண்டா, முழுப் பெயர் தெரிந்ததா, முதல் வரியில் ஹாஷும் ஆச்சரியக்குறியும் உண்டா, வால் என்ன என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொரு கேள்வியிலும் சந்தேகப் பட்டியல் சுருங்கும். இன்னமும் இரண்டு மூன்று பேர் மிஞ்சினால் அந்த வாலுக்கென்று எழுதிய தனி விதிகள். ‘.பிஎல்’ பெர்லுக்கும் உண்டு, புரோலாக்குக்கும் உண்டு. முக்காற்புள்ளியும் கோடும் ஒட்டி வந்தால் புரோலாக். ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’ என்ற வரி வந்தால் பெர்ல். ‘.டிஎஸ்’ என்றால் கியூடியின் தனி ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் டைப்ஸ்கிரிப்ட். வீடியோ என்ற சந்தேகமே அதற்கு வராது; நிரல் களஞ்சியத்தில் யார் டிவி ஒளிபரப்பைப் போட்டு வைக்கப்போகிறார்கள்? இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபைண்டருக்கு அந்தச் சலுகை கிடையாது, அதன் வீட்டில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். லிங்விஸ்டின் விதிகளும் கைவிட்டால், மாதிரி நிரல்களைப் படித்துப் பழகிய வகைப்படுத்தி ஒன்று கணக்குப் போட்டு ஊகிக்கும்.

மொழி தெரிந்தாயிற்று. உரையைத் திரையில் காட்டுமுன் இன்னொரு கேள்வி: எந்தக் குறியேற்றம்? இதையும் கோப்பு சொல்வதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியின் நோட்பேடில் ‘புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்’ என்று மட்டும் எழுதிச் சேமித்துத் திறந்தால் ஒன்பது சீன எழுத்துகள் வரும் அல்லது வெறும் கட்டங்கள் வரும். சதி என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். பதினெட்டு பைட்டையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்த நோட்பேட், இது யூடிஎஃப்-16 என்று ஊகித்ததுதான் நடந்தது. நாலு, மூன்று, மூன்று, ஐந்து எழுத்துச் சொற்களாக அமைந்த வேறு பல ஆங்கில வாக்கியங்களுக்கும் இதே கதிதான். விஸ்டாவில் சரிசெய்தார்கள்.

தமிழில் குறிப்புரை எழுதும் நிரலாளர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இதை மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம் என்று தவறாகப் படித்தால் 224 என்பது தலையில் கீறல் போட்ட ‘ஏ’ ஆகிறது. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட பதிவு வணிகக் குறி ஆகிறது. தமிழ்ப் பக்கம் சிதையும்போதெல்லாம் அந்த வணிகக் குறி வரிசை வரிசையாக வந்து நிற்பது இதனால்தான். ஆனால் இந்த ஒழுங்கே நமக்குச் சாதகமும் கூட. 224-ஐத் தொடர்ந்து 174 அல்லது 175 இவ்வளவு முறை தற்செயலாக வர வாய்ப்பில்லை. ஊகிக்கும் மென்பொருள் கொஞ்சம் கவனித்தால் யூடிஎஃப்-8 தமிழைத் தவறவிடவே முடியாது.

முன்னோட்டம் என்ற வசதியே ஒருவகையில் ஆபத்தானது. ‘திற’ என்று நாம் சொல்லும் முன்பே கோப்பின் உள்ளே போய்ப் படிக்கிறது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் தீநிரல், விண்டோஸில் ஒரு கோப்புறையைத் திறந்து பார்த்தாலே ஓடத் தொடங்கியது. குறுக்குவழிக் கோப்பின் ஐகானைக் காட்ட விண்டோஸ் எடுத்த முயற்சியே அதற்குப் போதும். மூல நிரலை முன்னோட்டம் காட்டுவது அதை ஓட்டுவதாகாது என்பது சரிதான். ஆனால் 2007-இல் லெப்பர்ட் பதிப்போடு வந்த மேக்கின் குவிக் லுக் முன்னோட்ட வசதிக்குத் துணைநிரல் எழுதியவர்கள் பலர், நிரலுக்கு வண்ணமிட்டு ஹெச்டிஎம்எல் பக்கமாக்கிக் கொடுத்தார்கள். நிரலில் இருக்கும் கோண அடைப்புக்குறிகளை மாற்றி எழுத மறந்தால், காட்ட வேண்டிய ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்தில் ஓடத் தொடங்கிவிடும். வேகமும் ஒரு கவலை. இடைவெளிகளைச் சுருக்கி ஒரே வரியாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பல லட்சம் எழுத்து நீளம் இருக்கலாம். அதை வண்ணமிட முயலும் மென்பொருள் மூச்சுத் திணறும். முதல் சில நூறு வரியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அதனால்தான் ஆப்பிள் பழைய துணைநிரல்களை மெல்ல ஓரங்கட்டியது. கேட்டலினா பதிப்பில் வந்த புதிய முறையில், முன்னோட்டம் காட்டுபவர் ஒரு முழு ஆப்பின் உள்ளே, வேலி போட்ட தனிச் செயலாக்கமாக இருக்க வேண்டும். செக்கோயா பதிப்போடு பழையவை வேலை செய்வதே நின்றுவிட்டது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் மாலையில் ஒரு துணைநிரல் எழுதி, நூலகக் கோப்புறையில் போட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் நண்பர்களுக்கும் கொடுத்த தனி ஆட்களின் காலம் இதோடு போயிற்று. எனக்கு இதில் வருத்தம்தான்.

2024 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்ட ‘மாஜிக்கா’ வேறு பாதையில் போகிறது. கோப்பின் உள்ளடக்கத்தில் சில துண்டுகளை மட்டும் எடுத்து, ஒரு சிறிய நரம்பு வலையமைப்புக்குக் கொடுத்து, வகையைச் சில மில்லி நொடிகளில் சொல்கிறது. மாதிரியின் அளவே ஏறத்தாழ ஒரு மெகாபைட்தான். வாலையும் பார்ப்பதில்லை, கைப்பட எழுதிய விதிகளும் அதற்கு வேண்டியதில்லை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு நம்பிக்கை வரம்பு வைத்திருக்கிறார்கள். விடை அந்த வரம்பைத் தொடாவிட்டால் ‘பொதுவான உரை’ என்றோ ‘தெரியாத இருமத் தரவு’ என்றோ சொல்லி நின்றுகொள்ளும். ஆப்பிளின் ஏணியில் ஒரு படி மேலே ஏறுவது போன்ற அதே தந்திரம், இப்போது நிகழ்தகவின் வழியாக.

அப்படியானால் ஃபைண்டர் இதைப் பயன்படுத்தினால் என்ன? பத்தாயிரம் கோப்பு உள்ள கோப்புறையைப் பட்டியலிட, கோப்பு முறைமையின் அடைவைப் படித்தால் போதும். பெயர்கள் அங்கேயே இருக்கின்றன. வகையை உள்ளடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்றால் பத்தாயிரம் கோப்பையும் திறந்தாக வேண்டும். தொலைவில் உள்ள வட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் வலைப்பின்னலில் ஒரு பயணம். ஐகிளவுட் போன்ற சேமிப்பில் பல கோப்புகளின் உடல் நம் கணினியில் இருப்பதே இல்லை. பெயரும் அளவும் தேதியும் மட்டும் இங்கே, பைட்டுகள் வேறெங்கோ ஒரு தரவு மையத்தில். ஐகான் வரைவதற்காக அவற்றைப் பதிவிறக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆனால் ஸ்பேஸ் பாரைத் தட்டும் ஒரு கோப்புக்கு இந்தச் சாக்கு எதுவும் செல்லாது. முன்னோட்டத்துக்காக எப்படியும் அதைத் திறக்கத்தான் போகிறார்கள். அப்போது 188 பைட் தள்ளியும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.